வரவேற்பறையில் வளரும் பவளம்

வீட்டுத் தொட்டியில் பவளத்தைத் தழைக்க வைப்பது எது? அந்தப் பவளம் எங்கிருந்து வர வேண்டும்? சிங்கப்பூர் அடுக்குமாடிகளிலிருந்து தூத்துக்குடித் தீவுகள் வரை ஒரு பார்வை.

கிராஞ்சியில் கடல் சேற்று நிறம். நீர்த்தேக்க அணைக்கு அப்பால் ஜோகூர் நீரிணை. நீர் வற்றும் நேரத்தில் அலையாத்தி வேர்களுக்கு இடையே சிறு மீன்கள் சேற்றில் துள்ளும். கொக்குகள் அவற்றைக் குறிவைத்து மெல்ல நடக்கும். இந்தக் கரையில் பவளப்பாறை கிடையாது.

இருட்டிய பிறகு, சற்றுத் தள்ளி யூ டீ, சுவா சூ காங், உட்லண்ட்ஸ் பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்தால் வேறொரு காட்சி கிடைக்கும். மஞ்சளும் வெள்ளையுமான சன்னல்களுக்கு நடுவே எங்கேனும் ஒன்று மட்டும் ஆழ்ந்த நீலமாக ஒளிரும். உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பச்சை, ஆரஞ்சு, ஊதா நிறங்களில் பவளங்கள் நீரோட்டத்தோடு அசையும். தொட்டிக்கு முன்னால் ஒருவர் சிறு குப்பியில் தொட்டி நீரை எடுத்து, அதில் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்துக்காகக் காத்திருப்பார். பவளத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குப்பியைப் பார்த்துவிடுவது நல்ல வளர்ப்பாளரின் வழக்கம்.

பவளம் இன்று சிங்கப்பூரில் பரவலாகப் பேசப்படும் பொருள். 2024 ஜூலையில் கடல் சூடேறியபோது, தென்தீவுகளைச் சுற்றியிருந்த பவளத் தொகுதிகளில் சுமார் 44 சதவீதம் வெளுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம், ஒரு லட்சம் பவளங்களைக் கடலில் நடும் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது பத்து ஆண்டுகள் நடக்கவிருக்கும் பணி அது. பவளத்தை மனிதக் கையால் வளர்க்க முடியுமா என்ற கேள்வி இத்துடன் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்திருக்கிறது.

முடியும். வீட்டுத் தொட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அதைச் செய்து காட்டிவருகிறார்கள். அவர்களின் அனுபவம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: விலை உயர்ந்த விளக்கும் புட்டியில் வரும் மருந்தும் பவளத்தை வளர்ப்பதில்லை. நாளுக்கு நாள் மாறாத தண்ணீர்தான் வளர்க்கிறது.

விலங்கு, பாசி, சுண்ணாம்பு

பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் நுண்ணிய உடல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழும் கூட்டம் அது. அந்த உடல்களின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைத் தருகிறது. அந்த ஆற்றலைச் செலவிட்டுப் பவளம் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, தன் அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகிறது.

நீர் சில வாரங்கள் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறுகிறது, அல்லது வெளியேற்றப்படுகிறது. நிறமற்ற திசுவின் ஊடாக வெள்ளைக் கூடு தெரிகிறது. இதைத்தான் வெளுத்தல் என்கிறோம். வெளுத்த பவளம் இறந்ததல்ல, பட்டினி கிடப்பது. சூடு தணிந்தால் பாசி திரும்பலாம், தணியாவிட்டால் சாவு.

கடலில் நடக்கும் இது அத்தனையும் தொட்டியிலும் நடக்கும். கடல் பல வாரங்களில் காட்டுவதை, சில நூறு லிட்டர் நீர் ஒரே இரவில் காட்டிவிடும் என்பதே வேறுபாடு.

முதலில் தீர்ந்துபோவது எது?

புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் கால்சியத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். அனுபவசாலிகள் கவலைப்படுவது காரத்தன்மையைப் பற்றி; அவர்கள் வாயில் அது 'கேஎச்', அளக்கும் அலகு 'டிகேஎச்'. காரணத்தை ஒரு கணக்கு விளக்கும்.

கேஎச் 8, கால்சியம் 420 பிபிஎம் என்ற அளவில் ஒரு தொட்டி இருக்கிறது. பவளங்கள் நன்றாக வளர்ந்து, நாளுக்கு 1 டிகேஎச் காரத்தன்மையை எடுத்துக்கொள்கின்றன. மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் கேஎச் 5 ஆகிவிடும். அது பவளத்துக்கு ஆபத்தான அளவு. அதே மூன்று நாளில் கால்சியம் 399 என்ற அளவில்தான் நிற்கும். கூடு கட்டும்போது இரண்டும் ஒரே விகிதத்தில்தான் குறைகின்றன: 2.8 டிகேஎச் போகும்போது கால்சியம் 20 பிபிஎம் போகிறது. ஆனால் கடல்நீரில் கால்சியக் கையிருப்பு மிகப் பெரிது, காரத்தன்மைக் கையிருப்பு சிறிது. ஆகவே எப்போதும் முதலில் தீர்வது காரத்தன்மைதான்.

பவளம் வளர வளர அதன் தேவையும் கூடும். சென்ற மாதம் போதுமாக இருந்த அளவு இந்த மாதம் போதாது. தொடக்கத்தில் வாரந்தோறும் பத்து, பதினைந்து சதவீத நீரை மாற்றினாலே ஈடாகிவிடும். கல்பவளங்கள் பெருகியதும் நாள்தோறும் சேர்க்க வேண்டிவரும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. கார உப்பையும் கால்சியம் குளோரைடையும் தனித்தனியாகக் கரைத்து, சிறு பம்பு மூலம் வேளைக்குக் கொஞ்சமாகச் செலுத்துவது ஒன்று. அந்தக் கார உப்பு பெரும்பாலும் ஆப்ப சோடாவில் உள்ள அதே சேர்மம்தான். கரியமில வாயுவைக் கொண்டு பவளத் துகளைக் கரைத்துவிடும் கால்சியம் ரியாக்டர் இரண்டாவது. மூன்றாவது சுண்ணாம்புத் தெளிநீர். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் பீட்டர் வில்கன்ஸ் 1970களில் பரப்பிய முறை இது.

சுண்ணாம்பு என்றதும் தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்களுக்கு வேறொரு நினைவு வரும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரங்களில் பவளப்பாறையை வெட்டி எடுத்து, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், கட்டுமானத்துக்கும் பயன்படுத்தினார்கள். கடல் நூற்றாண்டுகளாகக் கட்டிய கூடு சில மணி நேரத்தில் சாம்பலாயிற்று. தொட்டியில் நடப்பது அதற்கு நேர் எதிர்த் திசைப் பயணம்: கரைத்த சுண்ணாம்பை நாள்தோறும் ஊட்டி, மீண்டும் பவளமாக்கும் வேலை.

எந்த வழியை எடுத்தாலும் விதி ஒன்று. குறைந்துவிட்டது என்று பதறி ஒரே நாளில் ஏற்றக் கூடாது. நாளுக்கு ஒரு டிகேஎச் அளவுக்கு மேல் உயர்த்தாமல் மெல்லத் திரும்புவதே பாதுகாப்பு. கேஎச் 8இல் ஆண்டு முழுவதும் நிற்கும் தொட்டியில் பவளம் வளரும். 7க்கும் 11க்கும் இடையே ஆடும் தொட்டியில் கிளை நுனிகள் கருகும், திசு அடியிலிருந்து உரியும்.

[பெட்டி: தொட்டியில் நிற்க வேண்டிய அளவுகள்]
வெப்பம்: 25 – 27 பாகை செல்சியஸ்
உப்புத்தன்மை: 35 பிபிடி (ஒப்படர்த்தி சுமார் 1.026)
காரத்தன்மை: 7.5 – 9 டிகேஎச்
கால்சியம்: 400 – 450 பிபிஎம்
மக்னீசியம்: 1,250 – 1,350 பிபிஎம். இது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் நீரிலேயே படிந்து வீணாகும்
பிஎச்: 8.0 – 8.4
நைட்ரேட்: 2 – 10 பிபிஎம்
பாஸ்பேட்: 0.03 – 0.1 பிபிஎம்
இந்த எல்லைக்குள் எந்த எண் என்பதைவிட, அது மாறாமல் நிற்பது முக்கியம்.

கிராஞ்சியின் சவ்வும் வீட்டுச் சவ்வும்

கிராஞ்சியில் 2003 முதல் புதுநீர் ஆலை இயங்குகிறது. பயன்படுத்திய நீரை நுண்வடிப்பான், எதிர்ச்சவ்வூடு பரவல், புற ஊதா ஒளி என மூன்று கட்டங்களில் சுத்திகரிக்கும் ஆலை அது. அதன் இரண்டாம் கட்டத்தில் வேலை செய்யும் அதே வகைச் சவ்வின் சிறு வடிவம்தான் பவளம் வளர்ப்பவரின் சமையலறைக் குழாயிலும் பொருத்தப்படுகிறது.

சிங்கப்பூர்க் குழாய்நீர் அப்படியே குடிக்கத் தக்கது. பவளத்துக்கு அது போதாது. கிருமி நீக்கத்துக்குச் சேர்க்கப்படும் குளோரமின் அதில் இருக்கிறது. சாதாரண குளோரின் என்றால் ஓரிரவு திறந்து வைத்தால் பறந்துவிடும். குளோரமின் அப்படிப் போகாது. கரிவடிப்பான், எதிர்ச்சவ்வு, இறுதியில் அயனி நீக்கப் பிசின் என்று மூன்றையும் கடந்து, கரைபொருள் அளவுமானி பூஜ்யம் காட்டிய நீரில்தான் கடல் உப்பைக் கலக்க வேண்டும்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்வதில் பலர் தவறுகிறார்கள். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது சுத்த நீர், உப்புநீர் அல்ல. மிதவை வைத்துத் தானே நிரப்பும் சிறு கருவி, உப்புத்தன்மை நாள் முழுவதும் ஆடாமல் காக்கும்.

வெப்பமும் மூடிய அறையும்

ஐரோப்பியப் புத்தகங்கள் தொட்டிக்குச் சூடேற்றி வாங்கச் சொல்லும். சிங்கப்பூரில் தேவை நேர்மாறானது. பகலில் 31, 32 பாகை தொடும் ஊரில், விளக்கும் பம்பும் சேர்ந்து நீரை எளிதாக 30 பாகைக்கு மேல் கொண்டுபோய்விடும். தென்தீவுகளின் பவளங்கள் வெளுக்கத் தொடங்கும் எல்லை சுமார் 31 பாகை. ஆகவே குளிர்விக்கும் சில்லர் இங்கே ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை. மாத மின்கட்டணத்தில் அதன் பங்கையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகே தொட்டி வாங்குவது நல்லது.

குளிரூட்டிய அறையால் இன்னொரு சிக்கல் வரும். சன்னல்களை அடைத்த வீட்டில் குடும்பம் முழுவதும் விடும் மூச்சில் கரியமில வாயு தேங்கும். அது தொட்டி நீரில் கரைந்து பிஎச்சை 7.8க்குக் கீழே இழுக்கும். பிஎச் குறைந்தால் கூடு கட்டும் வேகமும் குறையும். புதிதாக மருந்து வாங்குமுன் சன்னலை ஒரு மணி நேரம் திறந்து வைத்து மறுபடி அளந்து பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். நீரின் கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளிக்காற்று வரும் இடத்துக்கு நீட்டுவதும், கீழ்த்தொட்டியில் பாசி வளர்த்து இரவில் அதற்கு விளக்கு போடுவதும் பலன் தரும் வழிகள்.

எடையையும் மறக்கக் கூடாது. 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள தொட்டி 432 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, கல், தாங்குமேசை எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். அடுக்குமாடித் தளம் எவ்வளவு தாங்கும் என்பதை வாங்குமுன் வீவகவிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

ஒளி, ஓட்டம், உணவு

நீல ஒளி அழகுக்காக மட்டும் அல்ல. கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு மறைந்து நீலமே மிஞ்சுகிறது. பவளப் பாசி அதற்கே பழகியது. காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்குக் குறைந்த ஒளி போதும். அக்ரோபோரா போன்ற கிளைக் கல்பவளங்களுக்குப் பல மடங்கு வேண்டும். ஆனால் புதிதாக வந்த துண்டை முதல் நாளே பலமான ஒளிக்குக் கீழே வைத்தால் வெப்பத்தில் வெளுப்பதைப் போலவே வெளுக்கும். தொட்டியின் அடியில் வைத்து, வாரக் கணக்கில் மேலே ஏற்ற வேண்டும்.

நீரோட்டமும் அப்படியே. ஓட்டம் பவளத்தின் மீது படியும் கழிவை அகற்றுகிறது, உணவைக் கொண்டுவருகிறது. ஒரே திசையில் பீய்ச்சும் நீர் திசுவைக் கிழிக்கும். திசை மாறி மாறி வரும் அலைதான் வேண்டும்.

உணவு விஷயத்தில் ஒரு தலைமுறையின் எண்ணமே மாறியிருக்கிறது. பவளப்பாறைக் கடல் சத்தற்றது, எனவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று முன்பு நம்பினார்கள். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொன்னது. நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாக்குறையானால், வெப்பத்துக்கும் ஒளிக்கும் பவளம் எளிதில் வெளுத்துவிடுகிறது. தொட்டிகளிலும் இதுவே அனுபவம்: இரண்டும் பூஜ்யமான நீரில் பவளம் மங்குகிறது, பழுப்பு நிறத்தில் டைனோஃபிளாஜெல்லேட் கொழகொழப்பாகப் படர்கிறது. அளவாக மீன் வளர்த்து, அளவாக உணவிடும் தொட்டியே தழைக்கிறது.

இத்தனைக்கும் மேலே தேவை பொறுமை. புதிய தொட்டியில் நன்மை தரும் பாக்டீரியா நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் மென்பவளம், பிறகு யூஃபிலியா போன்றவை, ஆறு மாதமேனும் கழித்து அக்ரோபோரா என்று போவதே தொட்டிக்காரர்கள் பரிந்துரைக்கும் வரிசை.

[பெட்டி: ஜகார்த்தாவிலிருந்து லண்டன் வரை]
1961: ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி, சூரிய ஒளி மட்டும் கொண்டு பவளம் வளர்த்த முறையை அமெரிக்க இதழொன்றில் எழுதினார்.
1980கள்: பெர்லின் வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறை, ஸ்கிம்மர், பலமான விளக்கு சேர்ந்த 'பெர்லின் முறை'யை உருவாக்கினர்.
2006: அமெரிக்காவின் மோட் ஆய்வகத்தில் டேவிட் வான், தற்செயலாக உடைந்த பவளத்தின் நுண்துண்டுகள் மிக வேகமாக வளர்வதைக் கவனித்தார்.
2017: லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழு, சிங்கப்பூர், கிரேட் பேரியர் ரீஃப் பகுதிகளின் வெப்பம், பகல் நீளம், நிலவொளியைத் தொட்டியில் உருவாக்கி, அக்ரோபோரா பவளங்களை முட்டையிட வைத்ததை வெளியிட்டது.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது?

நன்றாக வளரும் தொட்டி நல்ல தொட்டியா என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கும்.

கல்பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. சிங்கப்பூருக்குள் கொண்டுவர தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். உலகின் பெரிய ஏற்றுமதியாளரான இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020இல் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளி வணிகர்களுக்கும் வளர்ப்பாளர்களுக்கும் ஒரு பாடத்தைக் கொடுத்தது: கடலிலிருந்து வெட்டி வருவதை நம்பி இருக்க முடியாது, ஏற்கெனவே தொட்டியில் வளர்ந்த பவளத்தின் கிளையைத் துண்டாக்கி வளர்ப்பதே நிலைக்கும். ஃபிராக் எனப்படும் இந்தத் துண்டு புதிய தொட்டிக்கு எளிதில் பழகுகிறது, கடலுக்கும் இழப்பில்லை.

தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் போகும் வாசகர்கள் ஒன்றைத் திட்டவட்டமாக அறிய வேண்டும். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை. ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிய வெள்ளைத் துண்டை நினைவுப் பொருளாக எடுத்துவருவதும் பாதுகாப்பான செயல் அல்ல.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள்

தொட்டிகளில் மிக எளிதாக வளர்பவை ஜோவாந்திட்கள், பூங்கொத்து போலக் கொத்தாக விரிபவை. இவற்றில் சில பாலிடாக்சின் என்ற நஞ்சைக் கொண்டவை. 1971இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, அறியப்பட்ட இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன்தொட்டிக் கடையிலும் வீடுகளிலும் இந்தப் பவளத்தைக் கையாண்டபோது நஞ்சை மூச்சில் இழுத்து நோயுற்றவர்களைப் பற்றி அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிக்கை வெளியிட்டது.

இவை படர்ந்த பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்வது மிக ஆபத்தானது. நஞ்சு நீராவியோடு அறை முழுவதும் பரவும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், நீருக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும், குழந்தைகளை விலக்க வேண்டும். தொட்ட பிறகு காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தால் மருத்துவரிடம் பவளத் தொட்டியைப் பற்றி முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொட்டியின் பாடம் கடலுக்கு

சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வகைக் கல்பவளங்கள் உண்டு. உலக வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இந்தச் சிறு தீவைச் சுற்றிய கலங்கல் நீரில் இருக்கிறது. நில மீட்பினால் பவளப்பாறைப் பரப்பில் பாதிக்கும் மேல் போய்விட்ட பிறகும் எஞ்சிய செல்வம் இது. துவாஸ் துறைமுகப் பணிக்காக 2013–14இல் சுல்தான் ஷோல் பகுதியிலிருந்து சுமார் 2,300 பவளத் தொகுதிகள் பெயர்க்கப்பட்டு, சிஸ்டர்ஸ் தீவுகள், செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் நடப்பட்டன. ஒரு லட்சம் பவளத் திட்டத்துக்காக இப்போது செயின்ட் ஜான்ஸ் தீவில் தொட்டிகளிலும் துண்டுகள் வளர்கின்றன. வீட்டு வளர்ப்பாளர் கற்ற துண்டாக்கும் முறை, சீரான ஒளி, மாறாத காரத்தன்மை எல்லாமே அங்கும் பயன்படும் அறிவு.

தமிழ்நாட்டிலும் இந்தப் பணி நடக்கிறது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் பவளக் கொள்ளையும் அரிப்பும் சேர்ந்து இரண்டு தீவுகளை மூழ்கடித்தன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அங்கே சிமென்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி மீட்டுவருகிறது.

எல்லா வளர்ச்சியும் நன்மை அல்ல என்பதையும் கடல் காட்டியிருக்கிறது. வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காவில், இந்தோ-பசிபிக்கைச் சேர்ந்த ஒரு மென்பவளம் பரவி உள்ளூர்ப் பவளங்களை மூடிவிட்டது. மீன்தொட்டி வணிகத்தின் வழியாகவே அது அங்கே வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வேண்டாம் என்றான பவளத்தையோ மீனையோ கடலிலும் கால்வாயிலும் விடுவது சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடையிடம் திருப்பிக் கொடுக்கலாம், இன்னொரு வளர்ப்பாளருக்குத் தரலாம்.

பவளத் தொட்டி வைக்க விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது கேஎச் சோதனைக் குப்பி. அடுத்து, கடைக்காரரிடம் கேட்க வேண்டியது பவளத்தின் பிறப்பிடம். பதில் தெளிவாக வராத துண்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். மின்கட்டணமும் நேரமும் கட்டுப்படாது என்று தோன்றினால் தயங்காமல் விட்டுவிடுங்கள். பெரிய சிஸ்டர்ஸ் தீவு 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. குடும்பத்தோடு படகேறிப் போய், அங்கே கடலில் வளரும் பவளத்தைப் பாருங்கள்.